அடர் வண்ணம் அடிக்கப் போறீங்களா? முதலில் வெளிச்சத்தைப் பாருங்க!

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காத திருச்சிக்காரர் உண்டா? 1987-ல் கும்பாபிஷேகம் கண்ட 236 அடி உயரக் கோபுரம். அத்தனை வர்ணமும் பளிச்சென்று தெரியக் காரணம், அதன்மேல் விழுகிற வெயில். நம் வீட்டு அறைக்குள் அந்த வெயில் வருமா?

கருநீலம், கரும்பச்சை, ஒயின் சிவப்பு என்று அறைக்கு அடிக்க இப்போது பலருக்கும் ஆசை. ஷேடு கார்டில் குட்டிச் சதுரமாகப் பார்க்கிறபோது பிரமாதமாக இருக்கும். நாலு சுவரிலும் அடித்து முடித்ததும், "ஏம்மா, பட்டப்பகல்லயே லைட்டைப் போடணுமா?" என்று மாமியார் கேட்பார். அவர் குறை சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே கண் தெரியவில்லை!

ஏன் அப்படி?

வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பும். கருநீலச் சுவர் 10 சதவிகிதம்கூட அனுப்பாது. அதோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. 20 வயதில் விழித்திரையைச் சேருகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேரும். கண்ணின் பாப்பா சுருங்குவதும், லென்ஸ் மஞ்சளிப்பதும் காரணம். கண்புரையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். படி தெரியாமல் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மாதக்கணக்கில் படுக்கைதான்.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. வாசலும் முற்றமும்தான் வெளிச்சம். அதனால் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு என்று வைத்தார்கள். முற்றத்தை மூடிவிட்ட வீடுகளில் அடர் நிறம் அடிப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

அப்படியானால் அடிக்கவே கூடாதா?

தாராளமாக அடிக்கலாம். சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

1. ஒரே ஒரு சுவர் போதும். ஜன்னல் உள்ள சுவர் வேண்டாம். ஜன்னலைச் சுற்றிக் கருத்திருந்தால் கண் கூசும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் நல்லது. கூரை வெள்ளையாகவே இருக்கட்டும்.

2. இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பாருங்கள். காலை, மாலை, இரவு விளக்கு என்று மூன்று வேளையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

3. அடர் சுவரில் வெள்ளை ஸ்விட்ச் நன்றாகத் தெரியும். பெரியவர்களுக்கு அது வசதி. ஆனால் கருப்புத் தரை, கருப்பு நாற்காலி, கருப்புச் சுவர் மூன்றும் சேரக் கூடாது. படியின் விளிம்பில் வெளிர்நிறப் பட்டை அடியுங்கள்.

4. ஸ்ரீரங்கம் இரண்டு ஆற்றுக்கு நடுவே இருக்கிற தீவு. சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உப்புப் பூத்தால் அடர் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

5. வெயில் படுகிற மேற்கு வெளிச்சுவரும் மொட்டை மாடியும் வெளிர்நிறமாக இருக்கட்டும். அடர் நிறம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்.

சுரண்டும்போது ஜாக்கிரதை!

முக்கியமானது இதுதான். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1-ல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை வைத்து உலர்வாகத் தேய்த்தால் தூள் பறக்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் ஆபத்து. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கச் சொல்லுங்கள். பெயின்டருக்கு முகமூடி வாங்கிக் கொடுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேலை முடிகிறவரை வேறு வீட்டில் தங்க வையுங்கள். பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

உங்கள் ஆசைக்கு ஒரு சுவர், பெரியவர்களின் கண்ணுக்கு மூன்று சுவர். சரிதானே?