பூல் மேசையின் பாக்கெட் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?



பூல் மேசையைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதன் ஆறு பாக்கெட்டுகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. நான்கு மூலைகளில் உள்ளவை சற்றுக் குறுகியவை. நீளப் பக்கங்களின் நடுவில் உள்ள இரண்டும் சற்று அகலமானவை. போட்டி மேசைகளில் மூலைப் பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய 4½ அங்குலம், நடுப் பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய 5 அங்குலம். உள்ளே விழும் பந்தோ ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இதற்கு விடை தெரிந்தால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். ஈப்போவிலும், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்து இன்று தாமான்களாகிவிட்ட இடங்களிலும், கேரம் பலகை மட்டுமே இருந்த வீட்டில் ஒரு பூல் மேசை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. அவர்கள் முன்னால் நிற்கும் கேள்வி இது: பாக்கெட் 5 அங்குலமா, 4½ அங்குலமா, 4 அங்குலமா? அரை அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் வாய் மிக அகலமாக இருந்தால், தவறான அடியும் உள்ளே விழும். அப்பயிற்சி போட்டி மேசையில் கைகொடுக்காது. மிகக் குறுகலாக இருந்தால், தம்பி தங்கைகள் ஒரே வாரத்தில் அலுத்துப்போவார்கள்; பணம் கொடுத்து வாங்கிய மேசை துணி மடித்துவைக்கும் இடமாகிவிடும். ஆகவே, கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கேரம் பலகை சொல்லும் பாடம்

நமக்கு நன்கு பழக்கமான கேரம் பலகையிலிருந்து தொடங்குவோம். போட்டிக்குரிய பலகையில் குழியின் விட்டம் 44.5 மில்லிமீட்டர். காயின் விட்டம் 31.8 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஸ்ட்ரைக்கர் 41.3 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

குழியின் விட்டத்திலிருந்து காயின் விட்டத்தைக் கழியுங்கள்: 12.7 மில்லிமீட்டர் மிச்சம். ஸ்ட்ரைக்கரைக் கழியுங்கள்: 3.2 மில்லிமீட்டர்தான் மிச்சம். குழி அதேதான். ஆனால் காய்க்கு அது தாராளம். ஸ்ட்ரைக்கருக்கு அது இறுக்கம். ஆகவே, ஒரு குழி பெரிதா சிறிதா என்பதை அதன் அகலத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே போகும் பொருளைக் கழித்தபின் மீதி என்ன என்பதே கேள்வி. இந்த மீதியை நாம் ‘மிச்சம்’ என்றே அழைப்போம்.

மிச்சம் = வாயின் அகலம் − பந்தின் விட்டம்

பூல் பந்தின் கணக்கு

பூல் பந்தின் விட்டம் 2¼ அங்குலம், அதாவது 57.15 மில்லிமீட்டர். பந்து வாயின் இரு முனைகளையும் தொடாமல் நேராக உள்ளே போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது:

வாய் 5 அங்குலம் (127 மி.மீ.) என்றால், மிச்சம் 69.9 மி.மீ.
வாய் 4½ அங்குலம் (114.3 மி.மீ.) என்றால், மிச்சம் 57.2 மி.மீ.
வாய் 4¼ அங்குலம் (108 மி.மீ.) என்றால், மிச்சம் 50.8 மி.மீ.
வாய் 4 அங்குலம் (101.6 மி.மீ.) என்றால், மிச்சம் 44.5 மி.மீ.

4½ அங்குல வாயில் இரண்டு பந்துகள் அருகருகே சரியாக நிற்கும். அதை 4 அங்குலமாகக் குறைத்தால் அகலம் 11 விழுக்காடுதான் குறைகிறது. மிச்சமோ 22 விழுக்காடு குறைகிறது. ஒன்றுக்கு இரண்டு! கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் அரை அங்குலம், கைக்குப் பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

சாய்ந்து வரும் பந்து

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஒரு வாசலுக்கு நேர் எதிரே நின்று பாருங்கள். அதன் முழு அகலமும் தெரியும். பக்கவாட்டில் நகர நகர, வாசல் குறுகிக்கொண்டே போவதுபோலத் தெரியும். பந்துக்கும் அப்படித்தான். படிவம் 3-இல் படிக்கும் திரிகோணமிதி இங்கே உதவுகிறது. வாய்க்கு நேரான திசையிலிருந்து பந்து எத்தனை பாகை சாய்ந்து வருகிறதோ, அந்தக் கோணத்தின் கொசைன் மதிப்பால் வாயின் அகலத்தைப் பெருக்க வேண்டும். வரும் விடையே பந்து ‘பார்க்கும்’ அகலம்.

நடுப் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 60 பாகை சாய்வில் வரும் பந்துக்கு 127 × 0.5 = 63.5 மி.மீ. மட்டுமே திறந்திருக்கும். பந்தைக் கழித்தால் மிச்சம் 6 மி.மீ. இன்னும் மூன்று பாகை கூடினால் மிச்சமே இராது. குஷனை ஒட்டி வரும் பந்தோ நடுப் பாக்கெட்டைத் தாண்டிப் போய்விடும்.

மூலைப் பாக்கெட்டின் நிலைமை வேறு. அதன் வாய் மேசையின் உட்புறத்தை நோக்கிக் குறுக்காகத் திறந்திருக்கிறது. இரு பக்கக் குஷன்களும் அதற்கு 45 பாகையில் அமைந்தவை. ஆகவே, பந்து எங்கிருந்து வந்தாலும் சாய்வு ஏறத்தாழ 45 பாகைக்குள் அடங்கிவிடும். நடுப் பாக்கெட்டில் அது 90 பாகையை நெருங்கும். மோசமான கோணங்கள் அதிகம் என்பதால் நடுப் பாக்கெட்டுக்குக் கூடுதல் அகலம் கொடுத்திருக்கிறார்கள். அது சலுகை அல்ல, ஈடுசெய்தல்.

குஷனை ஒட்டி உருண்டு மூலைக்கு வரும் பந்துக்கு என்ன மிச்சம்? 4½ அங்குல வாய் என்றால் 114.3 × 0.707 = 80.8, மிச்சம் 23.7 மி.மீ. 4 அங்குல வாய் என்றால் 71.8, மிச்சம் 14.7 மி.மீ. இங்கே இழப்பு 38 விழுக்காடு. குறுகிய பாக்கெட் எல்லா அடிகளையும் ஒரே அளவில் கடினமாக்குவதில்லை. ஏற்கெனவே கடினமாக இருந்த அடிகளையே மேலும் கடினமாக்குகிறது.

தூரம் செய்யும் வேலை

மிச்சத்தில் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம். 4½ அங்குல வாய்க்கு நேர் எதிரே 1 மீட்டர் தூரத்தில் ஒரு பந்து இருக்கிறது. அது இரு பக்கமும் 28.6 மி.மீ. வரை விலகலாம், கோணத்தில் சொன்னால் சுமார் 1.6 பாகை. தூரம் 2 மீட்டரானால் 0.8 பாகைதான்.

இதோடு முடியவில்லை. நாம் அடிப்பது வெள்ளைப் பந்தை. அது போய் இன்னொரு பந்தை மோதும்போது பிழை பெருகுகிறது. நேரான அடியில், எத்தனை மடங்கு பெருகும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: இரு பந்துகளின் மையங்களுக்கு இடையேயான தூரத்தைப் பந்தின் விட்டத்தால் வகுத்து, அதிலிருந்து 1-ஐக் கழியுங்கள். தூரம் 1 மீட்டர் என்றால் 1000 ÷ 57.15 = 17.5, அதில் 1 போனால் 16.5 மடங்கு. அப்படியானால் 1.6 பாகைச் சலுகை, வெள்ளைப் பந்தைப் பொறுத்தவரை 0.1 பாகையாகச் சுருங்கிவிடுகிறது. 1 மீட்டர் ஓடிவரும் வெள்ளைப் பந்து, பக்கவாட்டில் 1.7 மி.மீ. தவறினால் போதும், அடி வீண். 4 அங்குல வாயில் அந்த எல்லை 1.3 மி.மீ. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வோர் அடிக்கும் உடலை அசைக்காமல் குனிந்து நிற்பது அழகுக்காக அல்ல.

உதகையில் எழுதிய விதிகள்

இறுக்கமான பாக்கெட்டுக்குப் பெயர்போன விளையாட்டு ஸ்னூக்கர். அதன் தோற்றம் இந்தியாவில்தான். 1875-இல் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரி நெவில் சேம்பர்லேன் அதற்குப் பெயர் சூட்டினார் என்று சொல்லப்படுகிறது. 1882-இல் அதன் விதிகள் தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில் உள்ள ஊட்டி கிளப்பில் எழுதி வைக்கப்பட்டன. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ.; பாக்கெட் பொதுவாக 3½ அங்குலம் அளவில் இருக்கும். அதன் வாய் முனைகள் வளைந்திருப்பதால் கணக்கு தோராயமானதே. ஆனாலும் மிச்சம் 36 மி.மீ. அளவில்தான் வரும். மேசையோ 12 அடி. மூலைக்கு மூலை ஏறத்தாழ 4 மீட்டர். எல்லாப் பந்தையும் விழவைக்க முடியாது என்பதால், எதிராளிக்கு வழி கொடுக்காமல் பந்தை மறைத்து வைப்பதும் ஆட்டத்தின் பெரும்பகுதி ஆகிறது. பாக்கெட்டின் அளவு ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

வீட்டு மேசையில்

போட்டிகளில் பயன்படும் 9 அடி மேசையின் ஆடுபரப்பு 254 × 127 சென்டிமீட்டர். கோலின் நீளம் சுமார் 147 சென்டிமீட்டர். கோலைப் பின்னுக்கு இழுக்க நான்கு பக்கமும் அவ்வளவு இடம் விட்டால், 5.5 மீட்டர் நீளமும் 4.2 மீட்டர் அகலமும் உள்ள அறை வேண்டும். மாடிப்படியும் நாற்காலிகளும் உள்ள வரிசை வீட்டுக் கூடத்தில் இது நடக்காது. 7 அடி மேசையின் ஆடுபரப்பு 198 × 99 சென்டிமீட்டர். அதற்கு 4.9 × 3.9 மீட்டர் போதும்.

மேசை சிறுத்தால் பந்து ஓடும் தூரமும் சிறுக்கும். 9 அடி மேசையில் மூலைக்கு மூலை 284 சென்டிமீட்டர். 7 அடி மேசையில் 221. அதாவது 0.78 மடங்கு. கோணச் சலுகை அதே அளவில் இருக்க வேண்டுமானால், மிச்சத்தையும் 0.78 மடங்காக்க வேண்டும். 57.15 × 0.78 = 44.6 மி.மீ. மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள்: அது 4 அங்குல வாயின் மிச்சம்! 7 அடி மேசையில் 4 அங்குலம் என்பது, 9 அடி மேசையில் 4½ அங்குலத்துக்குச் சமம். வெள்ளைப் பந்தின் தூரமும் குறைவதால், சிறிய மேசை அப்போதும் கொஞ்சம் எளிதாகவே இருக்கும்.

ரப்பரையும் மறக்காதீர்கள்

பாக்கெட்டின் வாயை உண்டாக்குவது மரம் அல்ல, ரப்பர். குஷனின் உள்ளே ரப்பர்ப் பட்டை இருக்கிறது; அது வாயருகே வெட்டப்பட்ட இடத்திலும் ஒரு ரப்பர்த் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். பந்து மெதுவாக வந்து அந்த முனையில் உரசினால், பெரும்பாலும் உள்ளே விழுந்துவிடும். வேகமாக வந்து மோதினால், இரு முனைகளுக்கும் இடையே தடதடத்து வெளியே வந்துவிடும். ஆகவே, வேகம் கூடக் கூட ஒரே பாக்கெட் சிறியதாகிவிடுகிறது.

இலண்டனில் ஜான் தர்ஸ்டன் 1835-இல் குஷன்களில் ரப்பரைப் பயன்படுத்தினார். அந்தக் காலத்துப் பச்சை ரப்பர் குளிரில் இறுகிக் கல்லாகிவிடும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. அந்த ரப்பர் அன்று பெரும்பாலும் தென்னமெரிக்காவிலிருந்து போனது. நம் பேராக்கில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டது 1877-இல், கோலகங்சாரில்தான். பதப்படுத்திய ரப்பரும் காலப்போக்கில் வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் இறுகிவிடும். பழைய மேசை வாங்குபவர்கள் வாயை அளப்பதோடு, முனை ரப்பரை விரலால் அழுத்தியும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது?

குடும்பத்தில் எல்லாரும் விளையாட 7 அடி மேசைக்கு 4½ அங்குலம் பொருத்தமானது. போட்டிக்குத் தயாராகும் ஒருவருக்கு 4 முதல் 4¼ அங்குலம். முடிவெடுக்க முடியவில்லை என்றால் 4½ அங்குலமே வாங்குங்கள். பின்னாளில் முனை ரப்பரைத் தடிமனாக்கி வாயைக் குறுக்கிவிடலாம். குறுகிய வாயை அகலமாக்க மரத்தையே வெட்ட வேண்டியிருக்கும். சிறுவர் மேசைகளில் 2 அங்குலப் பந்து வரலாம். அப்போது கணக்கு முழுவதும் மாறும். ஆகவே, வாயை அளப்பதற்கு முன் பந்தை அளந்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

16 மி.மீ. விட்டமுள்ள ஒரு கோலிக்குண்டும் இரண்டு ரப்பர் அழிப்பான்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அழிப்பான்களை 32 மி.மீ. இடைவெளியில் வையுங்கள். 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேராக 20 முறை கோலியை உருட்டி, எதையும் தொடாமல் எத்தனை முறை உள்ளே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இடைவெளியை 28 மி.மீ. ஆக்கி மீண்டும் 20 முறை உருட்டுங்கள். அடுத்து, இரண்டு இடைவெளிகளிலும் 45 பாகைச் சாய்வில் செய்யுங்கள்.

சிந்தியுங்கள்

1. இடைவெளியை 32-லிருந்து 28 மி.மீ. ஆக்கியபோது அகலம் எத்தனை விழுக்காடு குறைந்தது? மிச்சம் எத்தனை விழுக்காடு குறைந்தது?

2. 32 மி.மீ. இடைவெளியில் எந்தச் சாய்வுக்கு மேல் கோலி தொடாமல் உள்ளே போகவே முடியாது? (குறிப்பு: மிச்சம் பூச்சியமாகும் கோணத்தைக் கண்டுபிடியுங்கள்.)

3. மூலைப் பாக்கெட்டும் 5 அங்குலம் என்றால், குஷனை ஒட்டி வரும் பந்துக்கு மிச்சம் எவ்வளவு?