காடு கற்பிக்கும் பாடம்

ஜொகூரின் வடபகுதியில், பகாங் எல்லையை ஒட்டி எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. குளுவாங், காஹாங், பெக்கோக் வட்டாரத் தோட்டங்களில் வாழ்வோருக்கு அது அண்டை வீடு போன்றது. ஆயினும் நம்மில் பலர் அதனைக் கண்டதில்லை. அங்கு மாணவர்களுக்கு அளிக்கப்படும் இயற்கைக் கல்வியைப் பற்றி இங்குக் காண்போம்.

பூங்கா பிறந்த வரலாறு

1977ஆம் ஆண்டில் இவ்வனத்தின் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி வழங்கப்பட்டது. அதற்கு மக்களிடையே பலத்த எதிர்ப்பு எழுந்தது. பின்னர் 1985-86இல் மலாயா இயற்கைச் சங்கம் இங்கு அறிவியல் ஆய்வுப் பயணம் ஒன்றினை நடத்தியது. எண்டாவின் பெயரையே தாங்கிய விசிறிப்பனை இனம் ஒன்று 1987இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமாயிற்று. 1993இல் ஜொகூர் பகுதியின் 48,905 ஹெக்டர் வனம் தேசியப் பூங்காவாக அரசிதழில் வெளியிடப்பட்டது. காட்டின் அருமையை மக்கள் அறிந்துகொண்டமையே அதன் பாதுகாப்பிற்கு வழிவகுத்தது.

மாணவர் கற்பவை

எண்டாவ் நதிக்கரையில், ஜக்குன் பூர்வகுடியினர் வாழும் கம்போங் பெத்தாவுக்கு அருகில் இயற்கைக் கல்வி, ஆய்வு மையம் உள்ளது. மாணவர்கள் அங்குத் தங்கிக் காட்டு வழியே நடந்து கற்கின்றனர். எந்த இலை மருந்தாகும், எந்தத் தடம் எவ்விலங்கினுடையது என்பனவற்றைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் ஜக்குன் மக்கள். உப்பே குலிங் அருவியில் தொட்டிகளைப் போன்ற பாறைக் குழிகள் உள்ளன. நீர்ச்சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் நெடுங்காலம் சுழன்று சுழன்று குடைந்த குழிகள் அவை. ஆற்றுக் கற்களின் அடியில் வாழும் சில பூச்சிகள் தூய நீரில் மட்டுமே உயிர்வாழும். அவற்றைக் கொண்டே நீரின் தூய்மையை அறியலாம்.

இழந்ததும் எஞ்சியிருப்பதும்

சுமத்திரா காண்டாமிருகம் ஒரு காலத்தில் இக்காட்டில் வாழ்ந்தது. 2015இல் மலேசியக் காடுகளில் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் எஞ்சியிருந்த கடைசி விலங்கும் 2019இல் சபாவில் இறந்தது. மலாயாப் புலிகளோ 150க்கும் குறைவாகவே உள்ளன என 2022இல் தெரிவிக்கப்பட்டது.

இங்கு நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பன்றிக்கோ மானுக்கோ வைக்கப்படும் கம்பிக் கண்ணி, வரும் விலங்கு எதுவெனப் பார்ப்பதில்லை. அதே கண்ணியில் புலியும் யானைக் கன்றும் கால் இழக்கின்றன. கண்ணி வைப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். இளங்கன்றுகளை யானை மிதித்து அழிக்கும்போது நமக்கு நேரும் துன்பம் உண்மையே. அதனை வனவிலங்குத் துறையிடம் முறையிடுவதே தக்க வழி.

நம் கடமை

காட்டு முகாம் என்றதும் பெற்றோர் அஞ்சுவதும் செலவை எண்ணித் தயங்குவதும் இயல்பே. பள்ளி ஆசிரியரிடம் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் கட்டணத்தையும் முதலில் கேட்டறிவோம். பால்மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாது சீவும் நுட்பத்தை அறிந்தவர்கள் நாம். ஒரு மரத்தைப் பேணினால்தான் அது பலன் தரும் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாமே விளக்கலாம். மேற்கொண்டு கற்கக் காட்டிற்கு அவர்களை அனுப்பி வைப்போமாக.