பாட்டுக்கும் ஒரு வகைச்சீட்டு

தெஹிவளை வீட்டில் கிடந்த கசெற்றுகளையும் இறுவட்டுகளையும் கணினிக்கு மாற்றி முடித்தபோது, பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' 7 இடங்களில் இருந்தது. எல்லாம் தொகுப்பு இறுவட்டுகளின் வேலை. பாடகர் பெயரால் மட்டும் அடுக்கினால் இப்படித்தான்.

ஒவ்வொரு கோப்பின் விபரங்களிலும் வெளியீட்டு வகையை எழுதிவிடுங்கள்: அல்பம், தனிப்பாடல், திரையிசை, நேரடிக் கச்சேரி, தொகுப்பு. 'மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட்' என்ற இலவச மென்பொருள், தன் தரவுத்தளத்தில் உள்ள வெளியீடுகளுக்கு இதைத் தானே நிரப்பும். எங்கள் இலங்கைப் பொப் பாட்டெல்லாம் அங்கே இருக்கும் என்று நம்பியிராதீர்கள். மிச்சத்தைக் கையால் எழுத 'எம்பி3டாக்' மென்பொருள் போதும்.

தொகுப்புகளுக்கு 'அல்பக் கலைஞர்' என்ற இடத்தில் 'பல கலைஞர்கள்' என்று போடுங்கள். இல்லாவிட்டால் 20 பாட்டும் 20 அல்பமாகச் சிதறும். வானொலியில் பதிந்தவற்றுக்கு 'ஒலிபரப்பு' என்று தனி வகையே உண்டு. இலங்கை வானொலிக் கசெற் வைத்திருப்போர் கவனிக்க! ஆண்டிலும் கவனம் தேவை: நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' போன்ற பழைய பாட்டுக்கு இறுவட்டு வந்த ஆண்டை மட்டும் போட்டு நிறுத்த வேண்டாம். முதல் வெளியீட்டு ஆண்டுக்கு வேறு இடம் இருக்கிறது.

தொடங்குமுன் முழுவதையும் இன்னொரு வன்தட்டில் பிரதி எடுத்துவையுங்கள். சேமித்தபின், மாற்றிய இடங்களில் இருந்த பழைய விபரம் அழிந்துவிடும்.