சுழலாத நினைவகம்

கணிப்பொறி மெதுவாக இயங்கினால் அதன் மூளை தளர்ந்துவிட்டது என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். 2012-ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணிப்பொறியைப் பழைய சாமான் கடையில் போட்டுவிடலாம் என்றார் அப்பா. அக்காவின் முனைவர் பட்ட ஆய்வேடு அதில் பாதி எழுதப்பட்டிருந்தது. புதியது வாங்க வழியில்லை. விசையை அழுத்திவிட்டுக் காப்பி போடப் போவாள் அக்கா. காப்பி முடிந்து வந்தாலும் திரை காத்திருக்கச் சொல்லும். குறை எங்கே என்று பார்க்கும் வேலை, இயற்பியல் படிக்கும் என் தலையில் விழுந்தது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், முதலில் லினக்ஸ் மின்ட்டை நிறுவினேன். அப்போதும் துவங்க 1 நிமிடம் 50 வினாடி ஆயிற்று. ஆகவே குறை வேறெங்கோ இருந்தது.

ஹார்ட் டிஸ்க் என்னும் காந்தத் தட்டைக் கவனிப்போம். எங்களுடையது நிமிடத்திற்கு 7200 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய செய்தி படிப்பு முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி வினாடி ஆகும். அதற்கு முன் முனையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர ஏறத்தாழ 9 மில்லி வினாடி. ஆக, வினாடிக்குச் சுமார் 75 தேடல்களே இயலும். துவங்கும்போதோ, தட்டில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டியுள்ளது. நம் நூலகத்தில் ஒரே அலமாரியிலிருந்து 50 நூல்களை அள்ளி வருவது எளிது. 50 அலமாரிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னால் உதவியாளர் நம்மை எப்படிப் பார்ப்பார் என்பதை அறிவோம்!

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை நினைவகத்தில் தட்டும் இல்லை, கையும் இல்லை. 1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் விளக்கிய மிதக்கும் வாயில் டிரான்சிஸ்டரே அதன் அடிப்படை. காப்புப் பொருளால் சூழப்பட்ட அவ்வாயிலில் சிக்கிய எலெக்ட்ரான்கள், மின்சாரம் நின்ற பின்னும் தங்கும். 1980-களில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா இதைக் கொண்டே ஃபிளாஷ் நினைவகத்தைப் படைத்தார். செய்தி எங்கே இருந்தாலும் சுமார் 0.1 மில்லி வினாடியில் கிடைக்கும்.

கடையில் புதுவகையான என்.வி.எம்.இ. நினைவகத்தைக் காட்டினார்கள். அதிலிருந்து துவங்க எங்கள் காலத்து மதர்போர்டுக்குத் தெரியாது. 240 ஜி.பி. கொண்ட 2.5 அங்குல சாட்டா வகையையே வாங்கினேன். "உன் போர்டு வினாடிக்கு 3 கிகாபிட்தானே தாங்கும்? பாதி வேகம் வீணாகுமே" என்றான் நண்பன். பெருங்கோப்பை ஒரே மூச்சில் படிக்கும்போது அது உண்மை. நமக்கு வேண்டியதோ தேடும் நேரம் குறைவது. அதில் இழப்பு மிகக் குறைவு.

பொருத்துவதில் பெரிய வித்தை இல்லை. மின்இணைப்பை நீக்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டு, இரண்டு கேபிள்களைச் செருக வேண்டும். என் பிழை அடுத்த கட்டத்தில் நேர்ந்தது. பழைய தட்டையும் இணைத்து வைத்தபடியே புதியதில் லினக்ஸை நிறுவினேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது போலத்தான் தோன்றிற்று. சில நாளில் பழைய தட்டு 'டிக் டிக்' என்று ஒலிக்கவே, ஆய்வேட்டைப் படியெடுப்பதற்காக அதைக் கழற்றினேன். கணிப்பொறி துவங்க மறுத்தது! அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான்: துவக்கி எனப்படும் சிறு நிரலை, முதல் இணைப்பில் இருந்த பழைய தட்டிலேயே நிறுவல் நிரல் எழுதிவிட்டது. நானும் திரையில் அந்த வரியைப் படிக்காமல் ஒப்புதல் தந்திருந்தேன். பழைய தட்டு செத்தால் புதியதும் பயனற்றுப் போகும் நிலை. மீண்டும் அதை இணைத்துத் துவக்கி, ஆய்வேட்டை முதலில் இரண்டு பென் டிரைவ்களில் படியெடுத்தேன். பிறகு துவக்கியைப் புதியதில் எழுத இரண்டே கட்டளைகள் போதுமாயிருந்தன. நிறுவும்போது பழைய தட்டின் கேபிளைக் கழற்றி வைத்திருந்தால் அந்த இரவு எங்களுக்கு நேர்ந்திராது.

அதே லினக்ஸ், அதே 4 ஜி.பி. நினைவகம், அதே மூளை. இப்போது துவங்க 24 வினாடி. காப்பி போட்டு வர நேரமில்லை என்பதே அக்காவின் குறை.