எல்லாக் கட்டியும் புற்று அல்ல

உடம்பில் கட்டி கண்டதும் பயந்து மறைப்போர் உண்டு. நோவில்லை என்று விட்டுவிடுவோரும் உண்டு. இரண்டும் தவறு.

சாதாரண கட்டி பெரும்பாலும் மெதுவாக வளரும். தன் எல்லைக்குள் நிற்கும். தோலின் கீழுள்ள கொழுப்புக் கட்டி விரல் பட்டால் மெத்தென்று நகரும். புற்றுக்கட்டி வயலில் பரவும் கோரை போன்றது. அயல் இழையங்களுக்குள் ஊடுருவும். இரத்தம், நிணநீர் வழியாகச் சென்று வேறு உறுப்புகளிலும் முளைக்கும். தோலில், உறுப்புகளின் உட்படையில் தொடங்குவது காசினோமா; எலும்பு, தசை போன்றவற்றில் தொடங்குவது சார்கோமா.

தொடக்கத்தில் புற்று நோகாமலும் இருக்கலாம். தடவிப் பார்த்து முடிவு சொல்ல இயலாது. சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தே உறுதி செய்வர். மார்பில் கட்டி, வளர்ந்துவரும் கட்டி, வாயில் 2 வாரமாகியும் ஆறாத புண் என்றால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். இடம் மாற நேர்ந்தால் கிளினிக் கொப்பியையும் பரிசோதனை அறிக்கையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.