குடியிருந்துகொண்டே வீட்டை விற்கிறீர்களா?

நம் நகரங்களில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இருப்பது ஒரே ஒரு வீடுதான். அதை விற்றால்தான் அடுத்த வீட்டுக்குப் பணம் கிடைக்கும். அடுத்த வீடு அமைந்தால்தான் இதைக் காலி செய்ய முடியும். குடியிருந்துகொண்டே விற்பவர்களின் தடுமாற்றம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பணம் வரும் தேதியும் வீட்டைக் காலி செய்யும் தேதியும் ஒரே நாளில் அமைவது அரிது. அந்த இடைவெளியை முன்பே திட்டமிடாதவர்கள், கடைசியில் விலையைக் குறைத்தோ அவசரக் கடன் வாங்கியோ சமாளிக்க வேண்டிவரும்.

ஆகவே தரகரிடம் சொல்வதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். எங்கே போகப் போகிறீர்கள்? இடையில் வாடகை வீடு தேவைப்பட்டால் அதற்கான முன்பணம் கையில் இருக்கிறதா? பிள்ளைகளின் பள்ளி ஆண்டு எப்போது முடிகிறது? வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்குமா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு விற்பனையைத் தொடங்கினால், விலை பேசும்போது உங்கள் குரலில் பதற்றம் இருக்காது.

அறிகுறிகள்

அவசரம் உங்களை இழுக்கத் தொடங்கிவிட்டதைச் சில அறிகுறிகள் காட்டும். ஒரே மாதத்தில் விலையைக் குறைக்கத் தோன்றும். முன்கூட்டிச் சொல்லாமல் வருபவருக்கும் கதவைத் திறப்பீர்கள். டோக்கன் அட்வான்ஸ் என்று நீட்டும் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போடுவீர்கள். இவற்றில் ஒன்று நடந்தாலும் சில நாட்கள் நிறுத்தி யோசியுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்குவதைப் பலரும் தள்ளிப்போடுவார்கள். அந்த மாதங்களில் ஆள் வரவில்லை என்பதற்காக விலையைக் குறைக்க வேண்டியதில்லை. தை பிறந்ததும் கேட்பவர்கள் வரத் தொடங்குவார்கள்.

வாங்க வருபவரிடமும் சில அறிகுறிகளைக் கவனியுங்கள். ஆவணங்களைப் பார்க்காமலே விலைக்கு ஒப்புக்கொள்கிறாரா? மூலப்பத்திரத்தை அசலாகக் கேட்கிறாரா? பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிக்கொடுத்தால் போதும் என்கிறாரா? பெயின்ட் அடிக்க வேண்டும், அதற்குள் சாவியைக் கொடுங்கள் என்கிறாரா? நல்ல எண்ணத்தோடு கேட்பவராகவும் இருக்கலாம். ஆனாலும் கிரயம் முடியும்வரை, கடைசி மூன்று கோரிக்கைகளுக்கும் உங்கள் பதில் ‘முடியாது’ என்றே இருக்கட்டும்.

ஆவணங்கள்

ஆள் வந்த பிறகு ஆவணம் தேடுவது ஒப்பந்தக் காலத்தைத் தின்றுவிடும். உங்கள் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி, குடிநீர் வரி, மின்கட்டண ரசீதுகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் வையுங்கள். வில்லங்கச் சான்றைப் (ஈ.சி.) பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுத்துப் பாருங்கள். பழைய அடமானம் ரத்தாகாமல் கிடப்பது பெரும்பாலும் அதில்தான் தெரியவரும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், பிரிக்கப்படாத மனைப் பங்கு (யு.டி.எஸ்.) எவ்வளவு என்பதும் பராமரிப்புக் கட்டணம் பாக்கியில்லை என்ற சங்கத்தின் கடிதமும் தேவைப்படும்.

வீடு காலஞ்சென்ற தந்தையின் பெயரில் இருக்கிறது, உயிலும் இல்லை என்றால், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். திருமணமாகிப் போன மகளும் அதில் அடக்கம். வாரிசுகளில் சிறுவர் இருந்தால், அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவையா என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள். விலை பேசி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் எல்லாமே நின்றுபோகும்.

வீட்டுக் கடன் பாக்கி இருப்பது விற்பனைக்குத் தடையில்லை. நிலுவைத் தொகை எவ்வளவு என்று வங்கியிடம் கடிதம் வாங்கி, வாங்குபவரிடம் முதல் நாளே காட்டுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் கேட்கக் கூடாது. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரம் கைக்கு வந்தாலும், அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டைக் காட்டுதல்

குடியிருக்கும் வீட்டை நாள் முழுவதும் காட்சிக்கு வைக்க முடியாது. வாரத்தில் இரண்டு மூன்று வேளைகளை ஒதுக்கி, அவற்றில் மட்டுமே வரச் சொல்லுங்கள். பெயர், தொலைபேசி எண், தரகர் யார் என்பதை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். முதியவரோ பிள்ளைகளோ தனியாக இருக்கும் நேரத்தில் யாரையும் அனுமதிக்க வேண்டாம். நகையையும் அசல் பத்திரங்களையும் வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றிவிடுங்கள். விளம்பரப் படங்களில் பீரோ, பூட்டு, பிள்ளைகளின் புகைப்படம் ஆகியவை தெரியக் கூடாது. பத்திர நகல் கொடுக்க நேர்ந்தால், யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதைப் பக்கந்தோறும் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

தேவையில்லாத சாமான்களைக் கழித்தாலே அறை பெரிதாகத் தெரியும். எப்படியும் வீடு மாறப்போகிறீர்கள், அந்த வேலையை இப்போதே தொடங்கலாம். சொட்டும் குழாய், இறுகிய தாழ்ப்பாள், எரியாத விளக்கு போன்றவற்றைச் சரிசெய்யுங்கள். ஆனால் சுவரில் ஓதம் ஏறியிருந்தால் அதன் மேல் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத, உங்களுக்குத் தெரிந்த முக்கியக் குறைகளைச் சொல்வது சட்டப்படி விற்பவரின் கடமை. மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்பதை நீங்களே சொல்லி, அதற்கேற்ப விலை பேசினால் பிறகு வழக்கு வராது.

ஆள் வராவிட்டால் வாஸ்து சரியில்லை என்று கதவை மாற்றவும் சுவரை இடிக்கவும் சொல்பவர்கள் உண்டு. கோயிலுக்குப் போவது உங்கள் மன நிறைவுக்கு, அதில் தவறில்லை. ஆனால் அனுமதி வரைபடத்தில் இல்லாத மாற்றம் வாங்குபவரின் வங்கிக் கடனுக்கே தடையாகலாம். வரப்போகிறவர் தமக்குப் பிடித்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்ளட்டும்.

ஒப்பந்தமும் பணமும்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தை (அக்ரிமென்ட்) பதிவு செய்வது கட்டாயம். செலவை மிச்சப்படுத்துவதாக நினைத்து வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளாதீர்கள். மொத்த விலை, அட்வான்ஸ், மீதித் தொகைக்கான கெடு, வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் என்ன செய்வது, நீங்கள் காலி செய்யும் தேதி ஆகிய ஐந்தும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்பது பரவலான தவறான நம்பிக்கை. ஒப்பந்தப்படி கிரயம் செய்துதரக் கோரி வாங்குபவர் நீதிமன்றம் போகலாம். முழு மனதில்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

பணம் முழுவதும் வங்கி வழியாகவே வரட்டும். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அட்வான்ஸுக்கும் இது பொருந்தும். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் காட்டி மீதியைக் கையில் தருகிறேன் என்பவரிடம் உறுதியாக மறுத்துவிடுங்கள். அந்தப் பணத்தைக் கணக்கில் காட்டி அடுத்த வீட்டை உங்களால் வாங்க முடியாது. விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்துச் செலுத்துவார். அது உங்கள் கணக்கில் ஏறிவிட்டதா என்று சரிபாருங்கள். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் பிடித்தம் வேறு, தணிக்கையாளரைக் கேளுங்கள்.

24 மாதங்களுக்கு மேல் உங்களிடம் இருந்த வீட்டை விற்றுக் கிடைக்கும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். அதை 2 ஆண்டுகளுக்குள் வேறொரு வீடு வாங்கவோ 3 ஆண்டுகளுக்குள் கட்டவோ பயன்படுத்தினால் வரிவிலக்கு பெறலாம். கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவழிக்க முடியாத பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். ஆகவே வரிக்குப் பயந்து, கிடைத்த வீட்டை அவசரமாக வாங்க வேண்டியதில்லை.

சாவியை ஒப்படைத்தல்

கிரயம் முடிந்த பிறகும் சில வாரங்கள் அதே வீட்டில் தங்க வேண்டியிருக்கலாம். வாங்குபவர் வாய்மொழியாகச் சம்மதித்தால் போதாது. பெரும்பாலான கிரயப் பத்திரங்களில் ‘இன்றே சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது’ என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். நீங்கள் தங்கப் போகிறீர்கள் என்றால் அந்த வாசகத்தை மாற்றி, உண்மையான ஒப்படைப்புத் தேதியை எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாள், வாடகை உண்டா, மின்கட்டணம் யாருடையது என்பதைத் தனியாக ஓர் எழுத்துவழி உடன்பாட்டில் வையுங்கள். விட்டுச்செல்லும் மின்விசிறி, நீர்த்தொட்டி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள். காலி செய்யும் நாளில் மின் மீட்டர் அளவைப் படம் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

சார்பதிவாளர் முன் கையெழுத்திடுமுன் மூன்றைச் சரிபாருங்கள். முழுப் பணமும் கணக்கில் வந்துவிட்டதா, அல்லது வங்கி வரைவோலையாகக் கையில் இருக்கிறதா? காலி செய்யும் தேதி எழுத்தில் இருக்கிறதா? நீங்கள் போகும் வீடு உறுதியாகிவிட்டதா? இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஒப்பந்தக் கெடுவுக்குள் வேறொரு நாளைக் கேளுங்கள். உண்மையாக வாங்க வந்தவர் அதற்காக விலகிப் போக மாட்டார்.