கோட்டை பார்க்க வருபவர் நம் கடைக்கும் வரட்டும்



வெளியூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு வருபவர் மலைக்கோட்டை ஏறி இறங்குகிறார். பசிக்குப் பிரியாணி சாப்பிடுகிறார். உடனே பஸ் ஏறிவிடுகிறார். நம் மளிகைக் கடை வாசலை அவர் மிதிப்பதில்லை. ஏன் என்று நாம் சிந்திக்க வேண்டும்.

நம் ஊருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை. 1755-இல் ஹைதர் அலி இங்கு படைத் தலைவராக இருந்தார். 1790-இல் ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றினர். மற்றொன்று பிரியாணி. 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணிக் கடை, அவர் கட்டிய தலைப்பாகையாலேயே 'தலப்பாக்கட்டி' என்று பெயர் பெற்றது.

ஜப்பானில் கனசாவா என்றொரு கோட்டை நகரம் இருக்கிறது. அங்கே கோட்டை பார்த்தவர்கள் அருகிலுள்ள ஓமிச்சோ சந்தைக்கும் போகிறார்கள். மீன், நண்டு, காய்கறி விற்கும் அந்தச் சந்தைக்கு ஏறத்தாழ 300 வயது. ஊருக்குச் சரக்குக் கொடுக்கும் சந்தையே விருந்தாளி பார்க்க வேண்டிய இடமாகிவிட்டது. நாமும் அப்படி ஆகலாம்.

பிரியாணி சாப்பிட்டவர் அதே ருசியை வீட்டிலும் செய்து பார்க்க ஆசைப்படுவார். அவருக்கு வேண்டியது சீரகச் சம்பா. அதை ஒரு கிலோ, இரண்டு கிலோ பைகளில் வையுங்கள். அரிசி பழையதா, புதியதா என்று கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். புது அரிசி குழையும். அதற்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். பழைய அரிசி உதிரியாக நிற்கும். தண்ணீர் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். இந்த ஒரு வார்த்தை விளம்பரப் பலகையைவிட மேலானது. கூடவே சிறுமலை வாழைப்பழமும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழநி பஞ்சாமிர்தமும் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. வேறு பொடி அரிசியைச் சீரகச் சம்பாவில் கலந்து விற்றால் அன்றைக்குச் சில ரூபாய் கிடைக்கலாம். ஆனால் வீட்டில் பிரியாணி கெட்டுப்போனவர் கடையின் பெயரைச் சொல்லித் திட்டமாட்டார். "திண்டுக்கல்லில் ஏமாற்றிவிட்டார்கள்" என்றுதான் சொல்வார். ஒருவர் செய்த தவறுக்கு ஊரே பழி சுமக்கும்.

நீங்களே பையில் கட்டி விற்பதானால், 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி நிகர எடை, கட்டியவர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் சொல்லும் தொடர்பு ஆகியவை பையின் மேல் இருக்க வேண்டும்.

இந்த வாரமே உங்கள் கடை அரிசியில் ஒரு படி எடுத்து வீட்டில் சமைத்துப் பாருங்கள். நாம் ருசி பார்க்காத சரக்கை விருந்தாளிக்கு விற்கலாமா?